தையலுக்குப் பின்பக்கம் மிஞ்சுகிற மார்ஜினை எந்தப் பக்கம் சாய்த்தீர்கள்? துண்டுத் துணிகளை இணைத்துப் பேட்ச்வொர்க் குவில்ட் போர்வை தைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈசூன் நூல்கண்டு:
போன தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. பேத்திக்காக ஒரு குவில்ட், பிளாக்குக்கு (கட்டத்துக்கு) ஒரு 8 முனை நட்சத்திரமாக 12 பிளாக். மேல்துணியை முடித்து, பெரிய லாங்ஆர்ம் மெஷின் வைத்திருக்கும் ஒரு ஆன்ட்டியிடம் குவில்டிங்குக்கு, அதாவது மேல்துணி, பஞ்சு, பின்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்க, கொடுத்தேன். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நட்சத்திரத்தின் நடுவுக்கு மெஷின் வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். துணியை அழுத்துகிற ஃபூட் மேட்டில் முட்டி நின்றது, ஊசி இரண்டாகிவிட்டது. முனைத் துண்டைக் காணோம். குழந்தைக்குப் போர்த்தப்போகிற துணி! காந்தத்தை வைத்துத் தடவித் தடவி இருவருமாகத் தேடினோம். பஞ்சுக்குள் இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து, மிச்சம் இருந்த ஒரு பிளாக்கைத் திருப்பிப் பார்த்தேன். 8 துண்டுகளின் 16 மார்ஜினும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. நான் கைக்கு வந்தபடி ஒன்றை இந்தப் பக்கம், ஒன்றை அந்தப் பக்கம் சாய்த்து அயர்ன் பண்ணியிருக்கிறேன். விரலால் அழுத்தினால் கொண்டைக்கடலை அளவுக்கு மேடு. ஆன்ட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லா நடுவையும் ஒதுக்கிச் சுற்றிப் போய்த் தைத்துக் கொடுத்தார். 12 நட்சத்திரத்திலும் நடுவில் தையலே இல்லை, உப்பிக்கொண்டு நிற்கிறது.

பிடோக் மூங்கில்கழி:
அக்கா, அந்த மேட்டுக்குப் பயந்துதான் நான் எல்லா ஜாயின்டிலும் மார்ஜினை இரண்டு பக்கமும் விரித்து அயர்ன் பண்ணினேன். தட்டையாக, பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. துணியில் பாதி அம்மாவின் சுங்குடிச் சேலை, மீதி தேக்கா மார்க்கெட் மாடியில் வாங்கிய காட்டன். டிசைன் எதுவும் வேண்டாம் என்று ஜாயின்ட் பள்ளத்திலேயே நேராகக் குவில்டிங் ஓட்டினேன்.

இரண்டாவது தடவை துவைத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காயவைக்கிற கழியில் போடும்போது பார்த்தேன். அம்மாவின் மெரூன் துண்டுக்கும் கிரீம் துண்டுக்கும் நடுவே ஒரு விரல் நீளத்துக்கு வாய் திறந்து, உள்ளே வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. கழியை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். விரித்த ஜாயின்டில் பள்ளத்துக்கு அடியில் துணியே கிடையாது, பிடித்து வைத்திருக்கிற நூல் மட்டும்தான். அந்த நூலையே ஊசி குத்திக் குத்தி அறுத்திருக்கிறது. அம்மா போய் 4 வருஷம் ஆகிறது. அந்தச் சேலை இனி எங்கே கிடைக்கும்?

தெம்பனிஸ் தையல்கட்டை:
பிடோக் சிஸ், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் விரித்ததே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் பல வருஷமாக விரித்துத்தான் அயர்ன் பண்ணுகிறேன், ஒன்றுகூடப் பிரிந்ததில்லை. நான் பள்ளத்தில் தைப்பதே இல்லை, துணி முழுக்க வளைந்து வளைந்து போகிற டிசைன்தான். தையல் ஜாயின்டைக் குறுக்கே தாண்டிப் போனால் அதுவே இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எந்தக் குவில்டிங் என்று முதலில் முடிவு பண்ணுங்கள், அப்புறம் அயர்ன் பாக்ஸைத் தொடுங்கள்.

பள்ளத்தில்தான் தைக்க வேண்டும் என்றால் ஒரு பக்கமாகச் சாய்த்தே ஆக வேண்டும். மார்ஜின் படுத்திருக்கிற பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். அந்தப் பள்ளப் பக்கத்தை ஒட்டி ஊசி போக வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளை எதிரெதிர்த் திசையில் சாய்த்தால், சேரும் முனையில் இரண்டு மேடும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், குண்டூசி குத்தக்கூட வேண்டாம். விரிப்பதாக இருந்தால் தையல் நீளத்தை 2.5 மி.மீ.-லிருந்து 2.0-க்குக் குறையுங்கள்.

ஈசூன் அக்கா, உங்கள் நட்சத்திரத்துக்கு விரிப்பதும் வேண்டாம். நடுவில் மார்ஜினுக்குள் இருக்கிற இரண்டு மூன்று தையலை மட்டும் பிரித்துவிட்டு, எல்லா மார்ஜினையும் ஒரே சுற்றாக, கடிகார முள் போகிற மாதிரி சாய்த்துப் பாருங்கள். பின்பக்கம் ஒரு குட்டி நட்சத்திரம் விரியும், மேடு பரவிப் போய்விடும். அயர்ன் பாக்ஸை இழுக்காதீர்கள், மூலைவாட்டில் வெட்டிய துணி நீண்டுவிடும். வைத்து எடுங்கள். சூடு ஆறுவதற்குள் மேலே ஒரு கனமான பாலிஷ் போடாத மரக்கட்டையை வையுங்கள். நான் சப்பாத்திப் பலகையைத்தான் வைக்கிறேன். ஆவியை மரம் இழுத்துக்கொள்ளும், ஜாயின்ட் அப்படியே படிந்துவிடும்.

உட்லண்ட்ஸ் பாபின்:
என் கதை சின்னது. கருநீலத் துணியின் மார்ஜினை வெள்ளைப் பக்கம் சாய்த்துவிட்டேன், அவ்வளவுதான். குவில்டிங் முடிந்து சோபாவில் விரித்தபோது, வெள்ளைக் கட்டங்களின் ஓரமெல்லாம் பென்சிலால் கோடு போட்ட மாதிரி கால் அங்குலத்துக்கு நீலம் நிழலடித்தது. மூன்று லேயரும் சேர்ந்த பிறகு எதைப் பிரிப்பது? வீட்டுக்கு வருகிற எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அந்தக் கோடு மட்டும்தான் தெரிகிறது.

ஈசூன் நூல்கண்டு:
தெம்பனிஸ் சிஸ், இன்று காலை அந்த மிச்ச பிளாக்கில் நீங்கள் சொன்ன மாதிரியே பிரித்துச் சுற்றினேன். குட்டி நட்சத்திரம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன், நடு எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. என் மெஷினில் 90/14 அளவு ஊசி போட்டு, பஞ்சும் பின்துணியும் வைத்து நடுவில் நான்கு தடவை ஓட்டினேன். சத்தமே இல்லை.

பிடோக் மூங்கில்கழி:
தெம்பனிஸ் சிஸ், நான் 2.0 வைத்துத்தான் தைத்தேன்.