மறு: ‘க்யூரேஷன்’ – திரையிடலுக்கு ஏற்ற சொல் எது?

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஃபிலிம் சொசைட்டித் திரையிடலுக்குப் படங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் ‘க்யூரேஷன்’ வேலைக்கும், அதைச் செய்யும் க்யூரேட்டருக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘காப்பாட்சியர்’ வேண்டாம் என்பேன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அது பதவிப் பெயர். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி. கே. நாயருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். படச்சுருள்களைத் தேடிச் சேர்த்துக் காத்தவர் அவர். நம் ஃபிலிம் சொசைட்டியில் படம் தேர்ந்தெடுப்பவர் எதையும் காப்பதில்லை. திரையிட்டு முடிந்தால் படம் உரியவரிடம் போய்விடும்.

‘தொகுப்பாளர்’ என்றால் சினிமாவில் எடிட்டர், டிவியில் ஆங்கர். ‘நிரலாளர்’ என்றால் கம்ப்யூட்டர் புரோகிராமர்; ஐடி கம்பெனிகள் நிறைந்த சென்னை ஓஎம்ஆர் சாலை முழுக்க அவர்கள்தான். திரையிடல் தொடரை ஆங்கிலத்தில் ‘சீசன்’ என்பதால் ‘பருவம்’ என்றால், அது மழையைத்தான் நினைவூட்டும்.

தேர்வு என்றால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போதாது. சென்னையில் வீடு என்ற பொருளில் மூன்று படங்கள் போடுகிறோம் என்று வையுங்கள்: பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988), செழியனின் ‘டு லெட்’, மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015). ‘வீடு’ முதலில் வந்தால், பாதி கட்டிய வீட்டின் மனை குடிநீர் வாரியத்துக்குப் போய்விட்டது என்று தெரியவரும் அந்தக் காட்சியின் கனத்தோடு, அடுத்த வாரம் ‘டு லெட்’டில் வாடகைக்கு வீடு தேடி அலையும் குடும்பத்தைப் பார்ப்போம். மாற்றிப் போட்டால், சொந்த வீடு ஒன்றுதான் விடிவு என்று முதல் வாரம் நம்பிவிட்டு, அடுத்த வாரம் அந்த நம்பிக்கையையும் பறிகொடுப்போம். படங்கள் அதேதான், ஆனால் அனுபவம் வேறு. எதற்குப் பிறகு எது என்பதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. நமக்கு வேண்டிய சொல் அதைச் சொல்ல வேண்டும்.

இது தமிழுக்குப் புதிய வேலையும் அல்ல. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பாட்டெல்லாம் பிரிவைப் பாடும் பாலைத் திணை; 2, 8 குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல் என்று கடைசிவரை அதே ஒழுங்கு. ஒரு பாட்டுவிட்டு ஒரு பாட்டு பிரிவுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கிறோம். அடுக்கியவர் உருத்திரசன்மர், ஆதரித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. (நம்மிடம் உருத்திரசன்மர்களுக்குப் பஞ்சமில்லை. அரங்க வாடகை கொடுக்கும் பெருவழுதிதான் கிடைப்பதில்லை.) அந்த நூலின் மூன்றாம் பகுதிக்கு நித்திலக்கோவை (முத்துக் கோத்த மாலை) என்று பெயர். அங்கிருந்துதான் என் பரிந்துரையை எடுக்கிறேன்.

திரைக்கோவை – ஒரு பொருளில் வரிசைப்படுத்திய திரையிடல் தொடர்.
கோத்தல் – அந்த வேலை. (‘கோர்த்தல்’ என்று எழுத வேண்டாம்.)

‘கோவை’ என்றால் கோயம்புத்தூர் ஆகிவிடாதா என்பீர்கள். தனியாகப் போட்டால் ஆகும். போஸ்டரில் ‘கோவை: இன்னார்’ என்று அச்சிட்டால் விலாசம் என்றே நினைப்பார்கள். திரைக்கோவை என்று சேர்த்தே எழுதினால் சிக்கலில்லை. அந்த வேலையைச் செய்பவருக்கு ‘கோப்பாளர்’ சரிப்படாது, அலுவலகக் கோப்பு குறுக்கே வரும். ‘-ஆளர்’ எதற்கு? ‘தொகுத்தவர்’ என்று சங்க நூல்களுக்குச் சொல்வதுபோல் ‘கோத்தவர்’ போதும்.

அப்புறம், ஒரே இயக்குநரின் படங்களை வரிசையாகப் போடும் ரெட்ராஸ்பெக்டிவுக்கு ‘மீள்பார்வை’ என்று எழுதி வருகிறோம். அது பரீட்சைக்கு முந்தைய நாள் படிப்பது மாதிரி இருக்கிறது. ‘இயக்குநர் கோவை’ என்று வைத்துக்கொள்ளலாமா? கருத்து சொல்லுங்கள்.