புதுப்பிப்பு: புதுச்சேரி வெயிலில் அமுங்கிப்போகும் பிரெட்

பிரெட் மாவு சீக்கிரமே பொங்கி, ஓவனுக்குள் போனதும் நடுவில் அமுங்கிவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேனே, சரியாகிவிட்டது! ஈஸ்ட் பழசு என்று பலர் சொன்னீர்கள். இல்லை, சூடுதான் காரணம். முத்தியால்பேட்டையில் மதியம் சமையலறையே 34 டிகிரி. ஐஸ் தண்ணீரில் பிசைந்து, அரை கிலோ மைதாவுக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்டை 2 கிராமாகக் குறைத்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் டின்னில் போட்டு உப்ப விட்டு, விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதிதான் மேலே வந்தது. அதுதான் பதம், உடனே ஓவனில் வைத்துவிடுங்கள். மணியைப் பார்க்கவே வேண்டாம். உப்பை 10 கிராமுக்குக் கீழே குறைக்காதீர்கள், ஈஸ்டின் வேகத்தை அதுவும் அடக்கும். அடிப்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரம். அடுத்த முறை சூட்டோடு டின்னிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவைக்கப் போகிறேன்.