பெய்ஜிங்கில் வாத்து எங்கே சாப்பிடுவது? பெரிய கடையா, சந்துக் கடையா?

குன்றத்தூரான்:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அம்மா, மனைவி, நான் மூணு பேரும் பெய்ஜிங்கில் நாலு நாள், அப்புறம் ரயிலேறி ஹாங்காங்கில் ரெண்டு நாள் இருக்கப் போறோம். ரெண்டே ஆசை. பேர்பெற்ற சுட்ட வாத்தை அது பேர்பெற்ற ஊரிலேயே சாப்பிடணும். அப்புறம், சீனர்கள் வீட்டில் தினமும் என்ன சாப்பிடறாங்களோ அதைச் சாப்பிடணும், நம்ம ஊர் கோபி மஞ்சூரியன் வகையறா வேண்டாம். அம்மா பன்றியும் மாடும் தொட மாட்டாங்க. ஆடு, கோழி, மீன் உண்டு. வாத்து என்றதும் "கவிச்சி அடிக்குமே" என்று இப்பவே முகத்தைச் சுளிக்கறாங்க. ஆபீஸில் ஒருத்தர் பழைய பெரிய கடைக்குப் போ என்கிறார். இன்னொருத்தர் அதெல்லாம் டூரிஸ்ட்டுக்கு, நீ சந்துக்குள்ள போ என்கிறார். எதைக் கேட்பது?

வடதிசை:
தம்பி, பெய்ஜிங்கில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கேட்பது இரண்டு வேறு சாப்பாடு. இரண்டையும் ஒரே கடையில் தேடினால் இரண்டும் சுமாராகத்தான் கிடைக்கும்.

பெய்ஜிங்கில் யாரும் வீட்டில் வாத்து சுடுவதில்லை. தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றை ஊதிப் பிரிப்பார்கள். கொதிநீர் ஊற்றித் தோலை இறுக்குவார்கள். மால்ட் சர்க்கரைப் பாகு பூசிக் காற்றாடத் தொங்கவிடுவார்கள். அடுப்பில் ஏற்றும் முன் வயிற்றுக்குள் தண்ணீர் நிரப்புவார்கள். அப்போதுதான் வெளியே சுடும்போதே உள்ளே ஆவியில் வேகும், தோல் முறுகும், சதை காய்ந்துபோகாது. இதை வீட்டு அடுப்பில் செய்ய முடியாது. சின்னக் கடையிலும் கடினம்.

அடுப்பிலும் இரண்டு வழி உண்டு. ச்சியன்மென் பகுதியில் 1864இல் தொடங்கிய ச்சுவான்ஜூடே கடை தொங்கடுப்புக்குப் பேர்போனது. வாய் திறந்த அடுப்பில் இலந்தை, பேரி போன்ற பழமரக் கட்டை எரியும், வாத்து தீயின் முன்னே தொங்கும். (நொடித்துப்போன ஒரு உலர்பழக் கடையை வாங்கி, அதன் பெயரின் மூன்று எழுத்துகளைத் திருப்பிப்போட்டு வைத்த பெயர் அது.) 1416இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் பியன்யிஃபாங் மூடிய அடுப்புக்காரர்கள். முதலில் அடுப்புச் சுவரைச் சூடேற்றி, தீயை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே வாத்தை வேகவைப்பது அவர்கள் பழைய முறை. இரண்டும் வேறு வேறு ருசி. நான் தொங்கடுப்பின் பக்கம்.

அம்மாவிடம் கவிச்சியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். நம்மூரில் பெரும்பாலும் முட்டையிட்டு ஓய்ந்த வாத்துதான் குழம்புக்கு வரும். அங்கே வருவது ஆறேழு வாரத்து வெள்ளை வாத்து, கொழுக்க வளர்த்தது. அந்தக் கொழுப்பும் சூட்டில் உருகி வடிந்துவிடும்.

ஆக, பெரிய கடை.

தெருச்சாப்பாடு:
இதை ஒத்துக்க முடியலைங்க அண்ணா. போன வருஷம் நானும் அப்படி நம்பித்தான் பழைய பேர் உள்ள ஒரு கடைக்குப் போனேன். மாடி மாடியா மேஜை. டோக்கன் வாங்கி ஒண்ணேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தள்ளுவண்டியில வாத்து வந்துது, பளபளன்னு. ஆனா தட்டு கைக்கு வந்தப்போ தோலுக்கு அடியில கொழுப்பு வெள்ளையா உறைஞ்சு கிடந்தது. மென்னா ரப்பர் மாதிரி இருந்துது. மூணு பேருக்கு ஆன செலவை நினைச்சா இன்னும் மனசு ஆறலை.

மறுநாள் முரசுக் கோபுரத்துக்குப் பின்னால ஒரு சந்து. ஆறு மேஜை. சுவத்துல மெனு, படம்கூட இல்லை. அரை வாத்து சொன்னோம். கடைக்கார அம்மா ஒரு சின்னத் தட்டுல வெள்ளைச் சர்க்கரை கொண்டுவந்து வெச்சு, நெஞ்சுப் பக்கத்துத் தோல் ஒரு துண்டை எடுத்து அதுல ஒத்தி என் மகள் கையில கொடுத்தாங்க. வாயில போட்டதும் நொறுங்கி, அப்படியே கரைஞ்சு போச்சு. அந்த ருசிக்காகத்தான் சொல்றேன், பேரைப் பார்த்துப் போகாதீங்க.

வடதிசை:
உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் கெட்டது கடையின் அளவால் இல்லை, வாத்து காத்திருந்ததால். நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள்? மதியக் கூட்டம் ஓய்ந்தபின் போனால் முன்பே சுட்டது வர வாய்ப்பு அதிகம். பதினொன்றரைக்குள் போய் உட்காருங்கள், அல்லது சாயங்காலம் ஐந்தரைக்கு. அப்போது அடுப்பில் வாத்து மாறிக்கொண்டே இருக்கும். சந்துக் கடை நல்லதாக அமைந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் போகிறவர் ஒன்றை மட்டும் கேட்க வேண்டும்: அடுப்பைக் காட்டுவீர்களா? எங்கோ சுட்ட வாத்தை வாங்கிச் சூடுபண்ணித் தருகிற கடைகளும் உண்டு.

முழு வாத்து 200 யுவானுக்கு மேலே போகும். அதில் எலும்புக்கூடும் அடக்கம், விட்டுவிடாதீர்கள். சூப் வைக்கச் சொல்லலாம், உப்பும் சிச்சுவான் மிளகும் போட்டுப் பொரிக்கவும் சொல்லலாம். மெல்லிய ரொட்டியில் இனிப்புக் கோதுமைப் பசை தடவி, வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டும் வெள்ளரியும் வைத்து, இரண்டு மூன்று துண்டு வாத்துடன் சுருட்டுங்கள். அதற்கு மேல் வைத்தால் பசைதான் தெரியும், வாத்து தெரியாது.

தெருச்சாப்பாடு:
அடுப்பைக் கேட்கணும்ங்கறது சரி, எடுத்துக்கறேன். ஆனா வீட்டுச் சாப்பாட்டு விஷயத்துல நான் விட்டுத்தர மாட்டேன். அதுக்குச் சந்துதான். பெரிய கடைக்குள்ள எட்டிக்கூடப் பார்க்காதீங்க.

பலகையில "ஜியாச்சாங் சாய்"னு இருக்கான்னு பாருங்க, வீட்டுச் சமையல்னு அர்த்தம். அந்த மூணு எழுத்தைப் போன்ல படமா வெச்சுக்கோங்க. உள்ளே போய் முதல்ல தக்காளி முட்டை. அடுத்து உருளைக்கிழங்கு நூல். கிழங்கைத் தீக்குச்சி மாதிரி நறுக்கி, தண்ணியில அலசி மாவை எடுத்துட்டு, பெருந்தீயில காய்ஞ்ச மிளகாயோட ரெண்டு புரட்டு, கடைசியில வினிகர். கடிச்சா நறுக்குனு இருக்கும். வேகலைன்னு நினைச்சுத் திருப்பி அனுப்பிடாதீங்க, அதுதான் பதம். அப்புறம் "தீ சான் சியன்": கத்தரிக்காய், உருளை, குடமிளகாய் மூணையும் பொரிச்சுப் புரட்டினது. உங்க அம்மா இதுக்குத் தட்டை வழிச்சுச் சாப்பிடுவாங்க.

ஒரு எச்சரிக்கை. அங்கே வெறுமனே "ரோவ்"னு சொன்னா இறைச்சி, அதுவும் பன்றி. ஆடு "யாங் ரோவ்", மாடு "நியூ ரோவ்". மாப்போ தோஃபுங்கற காரமான சோயாக்கட்டியில, பேர்ல மட்டும் மீன் இருக்கற யூசியாங் கத்தரிக்காய்ல எல்லாம் கொத்திறைச்சி இருக்கும். பன்றிக் கொழுப்புல சமைப்பாங்களான்னும் கேட்டுருங்க, "ஜூ யோவ்".

சோறு கேட்டாத்தான் வரும், அதுவும் கடைசியில. உட்காரும்போதே "மீஃபான்"னு சொல்லிடுங்க.

கவுலூன்காரி:
வடதிசை சார், "வாத்து வேறு, வீட்டுச் சாப்பாடு வேறு" என்று சட்டம் போட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. அது பெய்ஜிங்குக்குப் பொருந்தும். ஹாங்காங்கில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன், இங்கே சுட்ட வாத்துதான் வீட்டுச் சாப்பாடு.

என் மாடியில் எதிர்வீட்டுப் பாட்டி வாரத்தில் இரண்டு நாளாவது சாயங்காலம் கீழே இறங்கி, சியூ மேய் கடையில் (சுட்ட இறைச்சி விற்கும் கடை) கால் பங்கு வாத்து வெட்டி வாங்கிவருவார். வீட்டில் சோறும் கீரையும் சூப்பும் தயாராக இருக்கும், நடுவில் இது ஒரு தட்டு. இதற்குக் கன்டனீஸில் சொல்லே இருக்கிறது: "ஜாம் லியூ, கா சுங்". வெட்டி வாங்கு, சாப்பாட்டில் ஒன்று கூட்டு. விருந்தாளி வந்தாலும் அதுதான், பிள்ளை நல்ல மார்க் எடுத்தாலும் அதுதான்.

வாத்தும் வேறு. இங்கே வயிற்றுக்குள் தண்ணீர் இல்லை, மசாலா. நட்சத்திரச் சோம்பு, ஐந்து மசாலாப் பொடி, இஞ்சி, சோயாப் பசை எல்லாம் உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். சுட்டு எடுத்ததும் தையலைப் பிரித்தால் கறுப்பாக ஒரு சாறு வடியும். அதைச் சட்டியில் பிடித்துவைத்து, எலும்போடு கொத்திய வாத்தின் மேல் ஊற்றுவார்கள். அந்தச் சாறு சோற்றில் இறங்கும்போது வரும் வாசனைக்கு எந்தச் சுருட்டு ரொட்டியும் ஈடாகாது. கேட்கும்போது தொடைப் பக்கத்துக் கால் பங்கு என்று கேளுங்கள். கொஞ்சம் விலை கூடும், சதை அங்கேதான். மூன்று பேரும் நின்று காத்திருக்கவும் வேண்டாம், நடிப்பும் இல்லை, தள்ளுவண்டியும் இல்லை.

சிராங்கூன்வாசி:
அக்கா, நீங்கள் சொன்ன ருசியில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அவர் அம்மாவை மறந்துவிட்டீர்களே. சிங்கப்பூரில் வாத்துச் சோற்றுக் கடையைத் தினமும் கடந்துபோகிறேன். ஒரே கொக்கி வரிசையில் வாத்து, பக்கத்தில் சார் சியூ என்ற இனிப்புப் பூசிச் சுட்ட பன்றி, அதற்குப் பக்கத்தில் மொறுமொறு பன்றி. மூன்றையும் ஒரே வெட்டுப் பலகையில் ஒரே கத்தியால் கொத்துகிறார்கள். பன்றி தொடாத ஒருவரை அங்கே உட்காரவைப்பது நியாயமா?

கவுலூன்காரி:
நியாயமான கேள்வி, தம்பி. பலகை ஒன்றுதான், மறைக்க மாட்டேன். அம்மா அதைப் பொருட்படுத்துவார் என்றால் சியூ மேய் கடை வேண்டாம். ஆனால் பெய்ஜிங் பெரிய கடையிலும் சமையலறை ஒன்றுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாத்தை வெட்டுகிற வண்டி தனி, வாத்துக்குப் பின்னால் வருகிற காய்கறித் தட்டு தனி இல்லை. ஹாங்காங்கில் அவருக்கு மனநிம்மதியான இடம் வான் சாய் பள்ளிவாசல் கட்டடத்தின் ஐந்தாம் மாடி கேன்டீன். ஹலால் டிம் சம், அதாவது ஆவியில் வேகவைத்த சின்னச் சின்னப் பலகாரங்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

வடதிசை:
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெய்ஜிங்கில் நியூஜியே என்ற தெரு. 996இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. சுற்றிலும் ஹுய் முஸ்லிம் கடைகள். "ச்சிங்ஜென்" (ஹலால்) என்று பலகையில் இருந்தால் பன்றியும் இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை. செம்புச் சட்டியில் கரி போட்டுக் கொதிக்கவைத்த நீரில், தாள் போலச் சீவிய ஆட்டுக்கறியை முக்கி, எள்ளுப் பசையில் தோய்த்துச் சாப்பிடுவது அந்த ஊர்க் குளிர்காலச் சாப்பாடு. மாட்டுக்கறியும் அதே கடையில் இருக்கும், உங்கள் சட்டிக்கு ஆடு மட்டும் சொன்னால் போதும்.

கவுலூன்காரி அம்மா, ஹாங்காங்கைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பெய்ஜிங்கைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

குன்றத்தூரான் (ஐந்து வாரம் கழித்து):
போய் வந்தாச்சு. எல்லாருக்கும் நன்றி. பெரிய கடைக்கே போனோம், பதினொன்றே காலுக்கு. அடுப்பு கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது. அம்மா முதல் துண்டை மோந்து பார்த்துட்டுத்தான் வாயில் போட்டாங்க. அப்புறம் சர்க்கரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டாங்க. எலும்பு சூப்பையும் விடலை.

ஆனா அம்மா ஊருக்கு வந்து பேசறது வாத்தைப் பத்தி இல்லை. ரெண்டாம் நாள் ராத்திரி ஒரு சந்துக் கடையில் சாப்பிட்ட தக்காளி முட்டையைப் பத்தி. நேத்து வீட்டிலேயே செய்து பார்த்தாங்க, அந்த ருசி வரலை. தக்காளியில் சர்க்கரை போட்டிருப்பாங்களா என்று உங்ககிட்ட கேட்கச் சொன்னாங்க.

வடதிசை:
போடக் கூடாது. உப்பு மட்டும். முட்டையைத் தனியாகப் பொரித்தெடுத்து, தக்காளி நன்றாகக் குழைந்தபின் சேர்க்கச் சொல்லுங்கள்.

கவுலூன்காரி:
ஒரு டீஸ்பூன் போடச் சொல்லுங்கள். சர்க்கரை இல்லாமல் அந்தப் புளிப்பு அடங்காது.