கேரளா அட்ரஸ்னா நாய் தத்து தர மாட்டாங்களா?

வேலந்தாவளத்தான்:

வணக்கமுங்க. எங்க தோட்டம் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, கொழிஞ்சாம்பாறை போற ரோட்டுல. போன வாரம் கோயமுத்தூர்ல அடிபட்ட நாய்களை வச்சுப் பராமரிக்கற ஒரு இடத்துக்குப் போயிருந்தோம். செவலைப் பொட்டை நாய் ஒண்ணு, ரெண்டு வயசு இருக்கும். வண்டி அடிச்சதுல பின்னங்கால் கொஞ்சம் இழுக்குது. எங்க பாப்பா பக்கத்துல உட்கார்ந்ததும் மடியில மூஞ்சியை வச்சுக்கிச்சு. இதையே கூட்டிட்டுப் போலாம்னு கேட்டா, மூணு பக்கத்துக்கு ஃபாரம் நீட்டுனாங்க.

சொந்த வீடா வாடகையா, வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா, முந்தி நாய் வளர்த்தீங்களா, அது இப்ப எங்கே, ராத்திரி நாய் எங்க படுக்கும், ஊருக்குப் போனா யார் பார்த்துக்குவாங்க, கருத்தடை பண்ணியிருந்தா ஆட்சேபணை உண்டா... எங்க தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இத்தனை கேக்கலீங்க. எல்லாத்தையும் எழுதினேன். "நாய் எதற்காக"ன்னு இருந்த இடத்துல "தோட்டத்துக் காவலுக்கு"ன்னு எழுதினேன். ஆதார் ஜெராக்ஸைப் பார்த்ததும் அங்கிருந்த பையன், "கேரளாவா? கேட்டுட்டுச் சொல்றோம்"னான். அதோட சரி. போன் பண்ணினா எடுக்கறதில்லை.

மெட்ராஸ்காரருக்குக் குடுப்பாங்களாம், ஒரு மணி நேரத் தூரத்துல இருக்கற எனக்குக் கிடையாதாம். ரோட்டுல கிடந்த நாய்க்கு இத்தனை பரீட்சை எதுக்கு? அட்ரஸ்தான் காரணமா, வேற ஏதாவதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலக்காட்டு மருமகள்:

அண்ணா, பேசாம உள்ளூர்லயே ஒரு குட்டியை எடுத்துக்குங்க. எங்க வீட்டு நாய் பஸ் ஸ்டாப்புல கிடைச்சதுதான். மிருகாசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டு, பஞ்சாயத்துல லைசென்ஸ் எடுத்தோம். யாரும் ஒரு கேள்வி கேக்கலை.

காதுவெட்டு:

நான் வேற ஒரு குழுவுல, தத்து கேக்கறவங்க வீட்டைப் போய்ப் பார்த்துட்டு வர்ற வேலை பண்றேன் அண்ணா. நீங்க போன இடத்தை எனக்குத் தெரியாது. பொதுவா சொல்றேன்.

அட்ரஸும் ஒரு காரணமா இருக்கலாம். நாயைக் குடுத்ததோட எங்க வேலை முடியறதில்லை. முதல் வாரம் தினமும் போன், அப்புறம் மாசாமாசம் போட்டோ, சொல்லாம ஒரு நாள் நேர்ல. ஏதாவது ஆச்சுன்னா நாயைத் திருப்பி எடுத்துட்டு வரணும். பார்டர் தாண்டினா போலீஸ் வேற, பஞ்சாயத்து வேற, அந்தப் பக்கம் ஓடி வர ஆளும் இருக்காது. அதுக்காகக் கேரளான்னு பார்த்ததுமே ஃபாரத்தை ஓரம் வைக்கறது நியாயம்னு சொல்ல மாட்டேன். குன்னூர் வரைக்கும் மலை ஏறிப் போய் வீடு பார்த்துட்டு வர்றோம், வேலந்தாவளம் ஒரு தூரமா?

ஆனா "தோட்டத்துக் காவலுக்கு"ங்கறதுதான் உங்களைக் கவுத்திருக்கும்னு தோணுது. அதைப் படிச்சதும் எங்களுக்கு ஞாபகம் வர்றது மோட்டார் ரூம், பக்கத்துல ஒரு தென்னை மரம், அதுல ரெண்டு முழச் சங்கிலி, ராத்திரி யாராவது கொண்டு போய்க் கொட்டற மிச்சச் சோறு. நீங்க அப்படி வைப்பீங்கன்னு சொல்லலை. நான் அப்படி நிறையப் பார்த்திருக்கேன். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல, குட்டைச் சங்கிலியில நெடுநேரம் கட்டி வைக்கறது குற்றம். எப்பவும் கட்டிப் போட்ட நாயை நடக்க விடாம வச்சிருக்கறதும் குற்றம். முதல் தடவை மாட்டினா அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்ல இருந்து அம்பது ரூபாய் வரைக்கும்! குடுத்த பின்னாடி எங்க கையில ஒண்ணும் இல்லைண்ணா. அதனாலதான் குடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் குடைச்சல்.

ரோட்டு நாய்க்கு எதுக்குன்னு கேட்டீங்க. 2023ல வந்த விதிப்படி, தெரு நாயைப் பிடிச்சா கருத்தடை பண்ணி, வெறிநாய் ஊசி போட்டு, பிடிச்ச இடத்துலயே விடணும். காது நுனியில வெட்டு இருக்கறது அதுக்கு அடையாளம். தத்துக்கு வர்றது பெரும்பாலும் அப்படித் திரும்ப விட முடியாத நாய்கதான். கால் இழுக்கற நாயை மறுபடி ரோட்டுல விட்டா அது எத்தனை நாள் தாங்கும்? 2025 ஆகஸ்ட்ல டெல்லி நாய்கள் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும், தத்தெடுத்த நாய் திரும்பத் தெருவுக்கு வராம பார்த்துக்கறது எடுத்தவங்க பொறுப்புன்னு சொல்லியிருக்கு.

எல்லாக் கேள்வியும் ஒரே எடை இல்லை. மாசச் செலவை நான் படிக்கறதே இல்லை, எல்லாரும் ஒரே தொகையைத்தான் எழுதுவாங்க. முந்தின நாய் என்ன ஆச்சுங்கறதைத்தான் நோண்டுவேன். செத்துப் போச்சுன்னா தப்பில்லை, எப்படின்னு சொல்லணும். கடைசி மாசம் எந்த டாக்டர்கிட்ட போனோம், என்ன மருந்து குடுத்தோம்னு மூச்சு விடாம சொல்றவங்களுக்கு மேல ஒண்ணும் கேக்க வேண்டியதில்லை. "ஓடிப் போச்சு"ம்பாங்க. அதுக்கு முந்தினது? "அதுவும் ஓடிப் போச்சு." அப்ப கேட்டைப் பார்ப்பேன். அப்புறம் சமையக்கட்டுக்குப் போயிடுவேன். ஃபாரத்துல கையெழுத்துப் போடறது ஒருத்தரு, சோறு வைக்கப் போறது இன்னொருத்தரு. அந்தம்மா மூஞ்சியிலயே பதில் தெரிஞ்சிடும்.

உங்க தோட்டத்துக்கு வந்தா முதல்ல கிணத்தைப் பார்ப்பேன். நம்ம பக்கத்துத் தோட்டக் கிணறுக தரையோட வாய் திறந்து கிடக்கும். விழுந்தா இந்த நாயால ஏற முடியாது. அப்புறம் காட்டுப்பன்னிக்குக் கரண்ட் வேலி போட்டிருக்கீங்களா, எலிமருந்து எங்க வைக்கறீங்க, கள்ளிறக்க ஆள் வர்றாங்களா. கடைசியா கேட்டது முக்கியம். இருட்டோட வந்து மரம் ஏறுற மனுஷனை நாய் கடிச்சா, அடுத்த நாள் நாய் எங்க வாசல்ல நிக்கும்.

வேலந்தாவளத்தான்:

நல்லா விவரமா சொன்னதுக்கு நன்றிங்க அக்கா. பழைய நாய் மணி, வயசாகித்தான் போச்சு. கடைசியில கிட்னி போயிருச்சு. மண்ணுத்தி வெட்டினரி காலேஜ் வரைக்கும் கொண்டு போனோம், டிரிப் ஏத்தி ஒரு மாசம் இழுத்துப் பார்த்தோம். படுக்கை திண்ணையில, மழைன்னா உள்ளே, எங்கம்மா கட்டிலுக்குக் கீழே. கள்ளிறக்கறவர் பையில எப்பவும் மணிக்கு ஒரு பன் இருக்கும். கிணத்துக்கு மூணு பக்கம் சுவர் இருக்கு, மோட்டார் பக்கம் திறந்திருக்கு. கரண்ட் வேலி எங்களுக்கு இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டிருக்கார்னு ஒரு சந்தேகம். இத்தனையும் எழுத ஃபாரத்துல இடம் எங்கீங்க இருந்துச்சு? ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு கோடுதான் விட்டிருந்தாங்க.

காதுவெட்டு:

இதை அப்படியே அவங்களுக்கு வாட்ஸப்ல அனுப்புங்க அண்ணா. கூடவே பகல் வெளிச்சத்துல ஒரு வீடியோ. கேட்டு, திண்ணை, கிணத்துல அந்தத் திறந்த பக்கம், எல்லாம் வரட்டும். மறைச்சா நேர்ல வர்றப்பத் தெரிஞ்சிரும். அம்மாவையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க. வீட்டைப் பார்க்க எப்ப வர்றீங்கன்னு நீங்களே கேளுங்க, அவங்களா கூப்பிடுவாங்கன்னு காத்திருக்க வேண்டாம். அப்பவும் தயங்கினா, மொதல்ல ஒரு மாசம் தற்காலிகமா வச்சுப் பார்க்கறோம்னு சொல்லிப் பாருங்க. நிறைய இடத்துல ஒத்துக்குவாங்க.

எனக்கு உதைக்கறது அந்தப் பக்கத்துத் தோட்டத்து வேலிதான். போய்ப் பேசித் தெரிஞ்சுக்குங்க. அதுவரைக்கும் கயித்தைக் கையில பிடிச்சுத்தான் நடத்தணும்.

நாய் கைக்கு வந்தா தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்க, அடுத்த வெறிநாய் ஊசி என்னைக்குன்னு பாருங்க. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தாங்களான்னும் கேளுங்க. வந்த புதுசுல குரைக்காது, சரியாச் சாப்பிடாது, கட்டிலுக்கடியிலயே கிடக்கும். காவலுக்குன்னு வாங்கிட்டுப் போனவங்க நாலாம் நாளே "இது குரைக்கவே மாட்டேங்குது"ன்னு திருப்பிக் கொண்டு வந்துடறாங்க. நம்ம வீடுன்னு அதுக்குப் புரியவே மூணு மாசம் ஆகும்.

பாலக்காட்டு மருமகள்:

தத்தெடுத்தாலும் பஞ்சாயத்து லைசென்ஸ் எடுக்கணும் அண்ணா. 1998லயே வந்த ரூல்தான். ஊசி சர்ட்டிபிகேட் இல்லாம தர மாட்டாங்க, கோயமுத்தூர்ல போட்ட புத்தகத்தைப் பத்திரமா வைங்க.

வேலந்தாவளத்தான்:

வீடியோ அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றோம்னு பதில் வந்திருக்கு. கிணத்தடிக்குக் கொத்தனாரையும் சொல்லியாச்சு. ஒரே ஒரு சந்தேகங்க. வீட்டுல எட்டுப் பத்து நாட்டுக்கோழி மேயுது. அது பரவாயில்லைதானே?

காதுவெட்டு:

கோழியைப் பத்தி இத்தனை நேரம் வாயே திறக்கலையே! இப்பவே போன் பண்ணி அவங்ககிட்ட சொல்லிடுங்க. அந்த நாய் கோழியைப் பார்த்தா என்ன பண்ணுதுன்னு அங்கயே ஒரு தடவை பார்த்துட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. வந்தப்புறம் கொஞ்ச நாளைக்குக் கோழிக கூண்டுக்குள்ள, நாய் கயித்துல. தனியா மட்டும் விட்டுடாதீங்க.