ஏழு மாதமாகக் கால் மதமதப்பு, குனிந்தால் முதுகில் கரண்ட்: என்னவாக இருக்கும்?

தஞ்சை டீச்சர்:
வயது 49, சைவம். ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சராசரி 6.5தான். மார்கழியில் இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வதுபோல் ஆரம்பித்தது. இப்போது கணுக்கால்வரை மதமதப்பு. செருப்பு கழன்று பின்னால் கிடப்பதை வேறு யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. கோலமாவை எவ்வளவு அள்ளினேன் என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. கோலம் போடத் தலை குனிந்தால் பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாகச் சுரீரென்று கரண்ட் பாய்கிறது.

ஒரு மருத்துவர், "சர்க்கரை இருந்தால் இப்படித்தான்" என்று நரம்பு வலிக்கான பிரிகாபலின் எழுதினார். தூக்கம் வந்தது, மதமதப்பு போகவில்லை. இன்னொருவர் "டென்ஷன்" என்றார். இருபது வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தபோது வராத டென்ஷனா? ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு 238, தாளில் குறை என்று குறிக்கவில்லை. ஹீமோகுளோபின் 12.4. இனி எதைப் பார்ப்பது?

வைகைக்கரை:
தினமும் முருங்கைக்கீரை சூப் குடியுங்கள். நரம்பு முறுக்கேறிவிடும்.

ஓய்வுபெற்ற செவிலி:
சூப் நல்லதுதான், ஆனால் கீரையில் பி12 கிடையாது. டீச்சர், இரண்டு கேள்விகள். கண்ணை மூடி முகத்துக்குச் சோப்பு போடும்போது தள்ளாடுகிறதா? ரத்தச்சோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

தஞ்சை டீச்சர்:
தள்ளாடுகிறது. போன வாரம் வாளிமேல் சாய்ந்துவிட்டேன். வயதாகிறது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. இரும்பு மாத்திரை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி:
அந்த அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கும். பி12 குறைந்தால் வரும் ரத்தச்சோகையை அது சரிசெய்துவிடும், நரம்பைக் காப்பாற்றாது. அதனால் ஹீமோகுளோபினை மட்டும் வைத்துப் பி12 குறைவு இல்லை என்று சொல்ல முடியாது. 238 என்பதும் நிம்மதியாக இருக்கக்கூடிய எண் அல்ல; 200க்கும் 300க்கும் இடையில் சந்தேகப் பகுதிதான். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உட்கிரகிப்பது குறையும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பல வருடம் கழித்தே வெளியே தெரியும்.

குனிந்தால் பாயும் கரண்ட்டைச் சர்க்கரையின் கணக்கில் எழுத வேண்டாம். அது கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் குரல். நரம்பியல் மருத்துவரிடம் இதையும் தள்ளாட்டத்தையும் முதலில் சொல்லுங்கள். பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, பலவீனம் வேகமாக மேலே ஏறினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கொங்குக்காரன்:
பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்முன் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். நான் அப்படிச் செய்ததில் பி12 அளவு ஏறிவிட்டது, உண்மையான காரணம் தெரிய நாலு மாதம் ஆயிற்று. பி6 அளவுக்கு மேல் போனால் அதுவே மதமதப்பை உண்டாக்கும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

தஞ்சை டீச்சர் (ஏழு வாரம் கழித்து):
ஹோமோசிஸ்டீன் 34. பதினைந்துக்குள் இருக்க வேண்டுமாம். எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தின் பின்பகுதியில் ஒரு வெள்ளைக் கோடு. மருத்துவர் இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்தார். முழங்காலுக்கு வந்த பிறகுதான் அதிர்வு தெரிந்தது. பி12 குறைவுதான் என்றார். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பி12 ஊசி, இப்போது வாரம் ஒன்று. குனிந்தால் வந்த கரண்ட் மூன்றாவது வாரத்தில் நின்றது. முகம் கழுவச் சுவர் தேவைப்படவில்லை. பாதம் மட்டும் அப்படியே இருக்கிறது. மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமா?

ஓய்வுபெற்ற செவிலி:
நீங்களாக நிறுத்தாதீர்கள், சர்க்கரை ஏறினால் அதுவும் நரம்பைத்தான் தாக்கும். ஊசி தொடரும்வரை மெட்ஃபார்மினோடு பலர் ஓட்டுகிறார்கள், மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். பாதத்துக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். கொஞ்சம் மிச்சமும் நிற்கலாம். அதுவரை பின்பக்கம் வார் உள்ள செருப்பாக வாங்குங்கள். இரவில் பாதத்தைக் கையால் தடவாமல் கண்ணால் பாருங்கள். உங்கள் விரல்களை இப்போது நம்ப முடியாது.