மறு: எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷனுக்கு என்ன சொல்?

> ‘வெளியேற்றப் பின்னம்’ ஏற்கனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, வணக்கம்.

எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன், அதாவது இதயக் கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே போகும் சதவீதம்; அதற்கு ‘வெளியேற்றப் பின்னம்’ அச்சில் இருக்கிறது, சரி. நோயாளிக்குப் புரிகிறதா? எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் 58 என்று பார்த்ததும் “அப்போ 42 சதவீதம் போயிடுச்சா டாக்டர்?” என்று கேட்காதவர்கள் குறைவு. பரீட்சை மார்க் மாதிரி படிக்கிறார்கள். 58 நல்ல எண்தான். இடது கீழறையில் சுமார் 120 மி.லி. இரத்தம் நிரம்புகிறது, ஒரு துடிப்பில் 70 மி.லி. வெளியே போகிறது, மீதி 50 உள்ளேயே தங்குகிறது. 120-இல் 70 போனதுதான் அந்த 58 சதவீதம். எந்த இதயமும் அறையை முழுக்கக் காலி செய்வதில்லை.

ஆக, ‘இருந்ததில் எவ்வளவு போனது’ என்பது சொல்லிலேயே தொனிக்க வேண்டும். பின்னம் பலருக்குக் கணக்கு வகுப்போடு முடிந்துவிட்டது. பங்கு எல்லோருக்கும் தெரியும். ‘வெளியேற்றம்’ என்றாலே கழிவு நினைவு வருகிறது. ‘தள்ளுபங்கு’ என்று யோசித்தேன், ஆடித் தள்ளுபடி வந்து குறுக்கே நிற்கிறது. என் பரிந்துரை: உந்துபங்கு.

> ‘இதயத் திறன் விகிதம்’ இன்னும் எளிதாயிற்றே?

அது மட்டும் வேண்டாம். இந்த எண் 50-க்கு மேல் இருந்தும் இதயச் செயலிழப்பு (உடலுக்குத் தேவையான இரத்தத்தை இதயத்தால் சரிவரக் கொடுக்க முடியாத நிலை) வரும். கீழறையின் சுவர் விறைத்துப்போய்ச் சரியாக விரியாத வகை அது. நெடுநாள் இரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ள வயதானவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம். நிரம்புவதே தடுமாறும்போது பங்கு மட்டும் சரியாக இருந்து என்ன பயன்? இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு கசிந்தால் கணக்கு இன்னும் ஏமாற்றும்: பின்னோக்கி மேலறைக்குத் திரும்பிய இரத்தமும் ‘வெளியே போனது’ என்றே சேர்ந்துவிடும். தாளில் ‘திறன் 60’ என்று இருந்தால், மூச்சு வாங்குகிற பாட்டியை யாரும் திரும்ப அழைத்து வரமாட்டார்கள்.

எண்ணே முக்கியமில்லை என்று சொல்லவரவில்லை. 40-உம் அதற்குக் கீழும் என்றால் மருந்துத் திட்டமே வேறு. மாரடைப்புக்குப் பின், சில மாதம் மருந்து கொடுத்தும் 35-ஐத் தாண்டாவிட்டால், திடீர் மரணத்தைத் தடுக்க உடலுக்குள் வைக்கும் ஷாக் கருவியான ஐ.சி.டி. பற்றிப் பேச்செடுக்கிறோம்.

---

> என் பரிந்துரை: உந்துபங்கு

எனக்குச் சம்மதம். ‘உந்துவீதம்’ என்று போகாததும் நல்லது, துடிப்பு வீதத்தோடு குழம்பும். ‘உந்துபங்கு குறைந்த’, ‘உந்துபங்கு குறையாத’ என்று இதயச் செயலிழப்பின் வகைகளையும் எழுதிப் பார்த்தேன், வாக்கியத்தில் உட்காருகிறது. 41 முதல் 49 வரை ‘சற்றே குறைந்த’ போதும்.

நோயாளிக் கையேட்டில் இந்தச் சொல்லுக்குக் கீழேயே ஒரு வரி சேர்ப்போமா: “மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, உங்கள் உந்துபங்கு எதுவாக இருந்தாலும் உடனே வாருங்கள்.”

அப்புறம், ‘செயலிழப்பு’ என்று படித்தவர் இதயம் நின்றேவிட்டதாக நினைக்கிறார். ‘இதயத் தளர்ச்சி’ பொருந்துமா? தனி இழை தொடங்குகிறேன்.