கிப் ரிவர் ரோட்டில் எங்களுக்காக நின்றவர்கள்

போன யூலையில் நானும் இவரும் பேர்த்திலிருந்து மேற்கு அவுஸ்திரேலியாவின் வடக்கே உள்ள கிம்பர்லிக்குப் போய் வந்தோம். அருவிகளின் படங்களை இங்கே ஏற்கெனவே பலர் போட்டுவிட்டார்கள், அதனால் நான் வழியில் கண்ட ஆட்களையும் உயிர்களையும் பற்றி எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: கிப் ரிவர் ரோடு டார்பியில் தொடங்கி குனுனுரா பக்கம் போய் முடியும், 660 கிலோமீற்றர். மாட்டுப் பண்ணைகளில் இருந்து மாடுகளை ஏற்றிக்கொண்டு வரப் போட்ட பாதை, பெரும்பகுதி இன்னும் கிரவல்தான். மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். தகரக் கூரையைப் படுக்க வைத்தது போல வரிவரியாக இருக்கும் அந்தத் தரையில் நாள் முழுக்க ஓடினால் இரவு கூடாரத்துக்குள் படுத்த பிறகும் உடம்பு அதிர்ந்துகொண்டே இருக்கும்.

டார்பியை விட்டு வெளிக்கிட்ட கொஞ்ச நேரத்திலேயே நான் வாகனத்தை நிறுத்தச் சொன்னேன். தெருவோரத்தில் பெருக்கு மரம், அதுதான் பாவோபாப்! நான் மன்னாரில் பிறந்தவள், பள்ளிமுனைப் பெருக்கு மரத்தைச் சுற்றி ஓடி விளையாடியவள். நம்மூர் மரம் ஆபிரிக்க வகை, அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்று சொல்வார்கள்; இங்கே இருப்பது அவுஸ்திரேலியாவுக்கே உரிய வகை, போவாப் என்கிறார்கள். ஆனால் அதே பருத்த வயிறு, அதே சாம்பல் நிறம். அடிமரத்தில் கையை வைத்தேன், வெயிலில் நின்ற மாட்டின் விலாப் போல வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தார்.

முதல் இரவு விண்ட்ஜானா கோர்ஜ் என்ற மலையிடுக்கில். 35 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் வளர்ந்த பாறைத்திட்டு இப்போது நூறு மீற்றர் வரை செங்குத்துச் சுவராக நிற்கிறது, நடுவில் ஆறு, கரை முழுக்க முதலைகள். ஒல்லியான மூக்குள்ள நன்னீர் முதலைகள், சீண்டாவிட்டால் பேசாமல் கிடக்கும். பதினெட்டு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். அடுத்த நாள் டனல் கிரீக். மலைக்கு அடியில் 750 மீற்றர் இருட்டில், குளிர்ந்த தண்ணீரில், டோர்ச் வெளிச்சத்தில் நடந்தோம். புனுபா பழங்குடி மக்களின் வீரன் ஜண்டமாரா மறைந்திருந்ததும் 1897இல் சுடப்பட்டு இறந்ததும் இங்கேதான். அதை அறிந்துகொண்டு நடந்ததால் உள்ளே சத்தம் போட்டுக் கதைக்க எங்கள் இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். மூன்றாம் நாள் பின்பக்கத்து ரயர் ஒன்று பிளந்துவிட்டது. ஸ்பெயர் ரயரை மாட்டினோம், அதுவரைக்கும் சரி. அடுத்த நாள் மவுண்ட் பார்னட் ரோட்ஹவுஸைத் தாண்டி ஒரு மணித்தியாலம் போயிருப்போம், இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் ரயரில் விரல் நீளத்தில் ஒரு கல் ஏறி நிற்கிறது. வேறு ரயர் இல்லை, போனில் சிக்னல் இல்லை, வெயில் உச்சியில். "நான் அப்பவே இரண்டு ரயர் கொண்டு போவம் என்று சொன்னனான்தானே" என்று நான் தொடங்க, "கொஞ்சம் பேசாமல் இரும், யோசிக்க விடும்" என்று இவர் சொல்ல, இருவருமே முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அரை மணித்தியாலத்துக்குள் நாலு வாகனங்கள் வந்தன. நாலும் நின்றன! "தண்ணீர் இருக்கிறதா, சுகமாக இருக்கிறீர்களா" என்று எல்லோரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். நாலாவதாக வந்தவர்கள் எழுபது தாண்டிய தம்பதி, கரவனோடு. அந்த ஐயா அடுத்துக் கேட்டது, "காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" இவர் நாற்பது பிஎஸ்ஐ என்றார். நகரத் தார் ரோட்டுக் கணக்கு அது. இந்தக் கல்லுக்கு இருபத்தெட்டு போதும், காற்றுக் குறைந்த ரயர் கல்லின் மேல் அமுங்கிப் போகும், இறுகிய ரயரைக் கல் கிழித்துவிடும், வேகமும் அறுபதுக்குள் இருக்கட்டும் என்றார். குறட்டால் கல்லைப் பிடுங்கி, பசை பூசிய திரியை ஓட்டைக்குள் குத்தி இறக்கி, வெளியே நீட்டிய நுனியை வெட்டி, தன் பம்பால் காற்றடித்தார். பிறகு மற்ற மூன்று ரயர்களுக்கும் ஒவ்வொன்றாக முழங்காலிட்டு அவரே காற்றைக் குறைத்தார். எவ்வளவு சொல்லியும் இவரை விடவில்லை, "பக்கத்தில் இருந்து பாருங்கள், அடுத்த முறை நீங்கள் செய்யலாம்" என்றார்.

அந்த அம்மா அதற்குள் இரண்டு கதிரைகளை நிழலில் விரித்துத் தேத்தண்ணீர் வைத்துவிட்டார். என்னிடம் கொடுக்க இருந்தது, தட்டை போல மொறுமொறுப்பான பருத்தித்துறை வடைப் பை ஒன்றுதான். ஒன்றைக் கடித்து, உள்ளே இருந்த பெருஞ்சீரகத்தைக் காட்டி, இது என்ன விதை என்று கேட்டார். முக்கால் பை அங்கேயே முடிந்தது. காசு என்று வாயெடுத்ததற்கே ஐயாவின் முகம் மாறியது.

இரண்டு நாள் கழித்து பென்டகோஸ்ட் ஆறு. மற்ற ஆறுகளில் முதலில் இறங்கி நடந்து ஆழம் பார்ப்போம், இங்கே கால் வைக்கக் கூடாது, உப்புநீர் முதலைகள் இருக்கும் ஆறு. தயங்கி நிற்கிறோம், வாகனத்தின் இருவழி ரேடியோவில் அந்த ஐயாவின் குரல்! அக்கரையில் எங்களுக்காகக் காத்து நிற்கிறார்கள். "லோ ரேஞ்ச் கியரில் மெதுவாக வாருங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம், கொஞ்சம் வலப்பக்கம் பிடியுங்கள்" என்று ஒவ்வொரு மீற்றராகச் சொல்லிக்கொண்டே வந்தார். கரையேறியதும் நான் ஓடிப்போய் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பின்னால் கொக்பர்ன் மலைத்தொடர் மாலை வெயிலில் தணல் போல இருந்தது.

*

அக்கா, படித்து முடித்ததும் நானும் என் அனுபவத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் டார்வினில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலி. போன செப்டம்பரில் நானும் மனைவியும் ககாடு தேசியப் பூங்காவில் நாலு நாள் கூடாரம் போட்டோம். கேஹில்ஸ் கிராசிங் என்று ஒரு இடம், ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றின் குறுக்கே ஒரு கான்கிரீட் தளம், அதைத் தாண்டினால் பழங்குடி மக்களின் நிலமான ஆர்னம் லேண்ட், அந்தப் பக்கம் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கடல் ஏற்றத்தின்போது ஆறு பின்னோக்கி ஓடித் தளத்தை மூடிவிடும். அந்த நேரத்தில் மீன்கள் தளத்தைத் தாண்டி வரும் என்று முதலைகளுக்குத் தெரியும், வரிசையாக வந்து வாயைத் திறந்து நிற்கும்.

கரையில் இருக்கும் பார்வையாளர் மேடையில் நின்று பார்த்தோம். ஒன்று எங்களுக்கு நேர் கீழே ஒரு மடவை மீனைப் பிடித்துத் தலையை மேலே தூக்கி இரண்டு முறை கடித்தது, அந்தத் தாடை மூடுகிற சத்தம் கனமான மரக்கதவு சாத்துவது போல இருந்தது. மனைவி என் சட்டையைப் பிடித்தவர் அரை மணி நேரம் விடவே இல்லை. அன்றே பக்கத்தில் ஒருவர் தூண்டிலோடு தண்ணீரில் கணுக்கால் வரை இறங்கி நின்றார். நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன், அவர் கையாட்டினாரே ஒழிய மேலே வரவில்லை. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். கடல் ஏற்ற இறக்க நேர அட்டவணை பார்த்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும், பார்க்கப் போகிறவர்கள் மேடையிலேயே நில்லுங்கள்.

*

தம்பி, படிக்கவே நெஞ்சு பதறுகிறது. ஸ்பெயர் ரயர் எத்தனை வேண்டும் என்று வேறு ஒருவர் கேட்டிருந்தார்: இரண்டு, கூடவே திரி ஒட்டுகிற பெட்டி, காற்றுப் பம்ப், காற்றளக்கும் மானி, ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் தண்ணீர். நாங்கள் அடுத்த வருஷமும் போகிறோம், இந்த முறை மிச்சல் அருவி வரைக்கும். அந்த அம்மாவுக்கு நத்தாருக்கு ஒரு பை வடை தபாலில் அனுப்பினேன். முந்தாநாள் போன் எடுத்தார், உளுந்து எங்கே வாங்கலாம் என்று கேட்கிறார்.